ஹெட் கோச் இருக்க, கோஆர்டினேட்டர் தலை ஏன் உருள்கிறது?

கேள்வி இது: 2023 பருவத்தில் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி 10-1 (பத்து வெற்றி, ஒரு தோல்வி) என்று தொடங்கி 11-6 என்று முடிந்தது. ஹெட் கோச் நிக் சிரியானியை வைத்துக்கொண்டு, அவருக்குக் கீழே இருந்த இரண்டு கோஆர்டினேட்டர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இது பலிகடா தேடும் வேலைதானே? துணைப் பயிற்சியாளர்களை நீக்குவதும் எடுப்பதும் என்.எஃப்.எல்.-இல் உண்மையில் எப்படித்தான் நடக்கிறது?

பலிகடா என்பது பாதி சரி. மீதிப் பாதி புரிய, அங்கே துணைப் பயிற்சியாளர் என்றால் யார் என்று தெரிய வேண்டும். நம் ஊர்க் கால்பந்தில் கோச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் மாதிரி அல்ல இவர்கள். அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வோர் அணியிலும் இருபதுக்கு மேற்பட்ட பயிற்சியாளர்கள் இருப்பது சாதாரணம். தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர், உதை ஆட்டங்களைப் பார்க்கும் ஸ்பெஷல் டீம்ஸுக்கு ஒருவர் என மூன்று கோஆர்டினேட்டர்கள். அவர்களுக்குக் கீழே தாக்குதலைக் களத்தில் நடத்தும் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், ரிசீவர், முன்வரிசை, லைன்பேக்கர், கார்னர், சேஃப்டி என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனி கோச். அடிமட்டத்தில் எதிரணி வீடியோவை வெட்டிப் பிரித்து அட்டவணை போடும் குவாலிட்டி கன்ட்ரோல் பையன்கள். பல அணிகளில் ஹெட் கோச் பிளே (அடுத்து ஆட வேண்டிய நகர்வு) அழைப்பதே இல்லை, கோஆர்டினேட்டர்தான் அழைக்கிறார். அணி ஆடும் 'மொழி' அவருடையது. ஒரே பிளேக்கு ஓர் அணியில் ஒரு பெயர், அடுத்த அணியில் வேறு பெயர். ஆகவே கோஆர்டினேட்டரை மாற்றினால் ஓர் ஆளோடு சேர்த்து அந்தப் பக்கத்தின் அகராதியும் மாறுகிறது.

பணக் கணக்கு இன்னொரு காரணம், பலர் கவனிக்காதது. சம்பள உச்சவரம்பு ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். பெரிய ஒப்பந்தம் உள்ள ஓர் ஆட்டக்காரரைக் கழற்றிவிட்டால், ஏற்கெனவே கொடுத்த போனஸின் மீதி வரும் ஆண்டுகளின் வரம்பில் 'செத்த பணமாக' உட்கார்ந்துகொள்ளும். கோச்சை நீக்கினால் உரிமையாளரின் கைக்காசு போகுமே தவிர, வரம்பில் ஒரு டாலர்கூடக் குறையாது. போதாததற்கு, ஆட்டக்காரர்களுக்கு இருப்பது போலப் பேரம் பேசும் தொழிற்சங்கம் பயிற்சியாளர்களுக்கு இல்லை. சங்கம் என்ற பெயரில் ஒன்று உண்டு. கூட்டு ஒப்பந்தம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அணி ஒன்று 'ஏதாவது செய்தோம்' என்று காட்ட வேண்டுமானால், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் கோஆர்டினேட்டர்தான்.

நீக்கினால் சம்பளம் நின்றுவிடாது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டுக்கு, உத்தரவாதத்தோடு போடப்படுகின்றன. கூடவே 'ஆஃப்செட்' என்ற ஷரத்து இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், இன்னும் 2 ஆண்டு பாக்கி. நீக்கும் நாளில் பழைய அணியின் கடன் 20 லட்சம். மறு வாரம் வேறோர் அணி அவரை ஆண்டுக்கு 6 லட்சத்துக்கு எடுத்தால், பழைய அணி ஆண்டுக்கு மீதி 4 லட்சம் கொடுத்தால் போதும். கோச்சின் கைக்கு வருவது அதே 10 லட்சம்தான். இதில் ஒரு ஓட்டை: புது அணி வேண்டுமென்றே அடிமாட்டுச் சம்பளம் பேசி, பாரத்தைப் பழைய அணி தலையில் கட்டப் பார்க்கும். அதனால்தான் வேலை தேட நேர்மையாக முயல வேண்டும், அந்தப் பதவிக்கு நியாயமான சம்பளம் பேச வேண்டும் என்றெல்லாம் வாசகங்கள் சேர்க்கிறார்கள். நீக்கப்பட்டவர்கள் 'மூத்த ஆலோசகர்' போன்ற சிறு பதவிகளில் உடனே போய் உட்காருவதன் ரகசியமும் இதுதான். வருமானம் குறையாது, தொழிலில் முகம் மறையாது.

இனி ஈகிள்ஸுக்கு வருவோம். அந்தச் சரிவு 2023 டிசம்பரில் தொடங்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. பிப்ரவரி 12 அன்று இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்றார்கள். இரண்டு நாள் கழித்து தாக்குதல் கோஆர்டினேட்டர் ஷேன் ஸ்டைகன் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கும், தடுப்பு கோஆர்டினேட்டர் ஜோனதன் கேனன் அரிசோனா கார்டினல்ஸுக்கும் ஹெட் கோச்சாகக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு கோஆர்டினேட்டர்களும் ஒரே நாளில் காலி. கேனன் விஷயத்தில் விதிமீறலும் இருந்தது. தடை இருந்த காலத்தில் அரிசோனா ஜெனரல் மேனேஜர் அவரோடு தொலைபேசியில் பேசியிருந்தார். அணிகள் சமரசம் செய்துகொண்டன: கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் அரிசோனாவின் 66-ஆவது தேர்வு ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது; பதிலுக்கு 94-ஆவது தேர்வும் 2024-இன் ஐந்தாம் சுற்றுத் தேர்வும் போயின.

டிராஃப்டில் 28 இடம் முன்னேறியதைவிடப் பெரியது, இழந்த நாட்கள். துணைப் பயிற்சியாளர் சந்தை ஜனவரி முதல் வாரத்தில் திறக்கும். பிளேஆஃபுக்கு முந்தைய வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு மறுநாளை 'கருப்புத் திங்கள்' என்பார்கள். அன்றுதான் ஹெட் கோச்கள் வரிசையாக நீக்கப்படுவார்கள். ஜனவரி கடைசியை ஒட்டி அலபாமாவின் மொபீல் நகரில் நடக்கும் சீனியர் பவுல் வாரம், வெளிப்பார்வைக்குக் கல்லூரி ஆட்டக்காரர்களின் கண்காட்சி. உள்ளே அது வேலை தேடும் பயிற்சியாளர்களின் சந்தை. பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் கம்பைனுக்கு எல்லா அணிகளும் கூடும்போது நல்ல பெயர்கள் விற்றுத் தீர்ந்திருக்கும். சூப்பர் பவுல் வரை போன அணிக்கு வெற்றி கொடுக்கும் தண்டனை இது: மற்றவர்கள் ஆறு வாரம் பொறுக்கி எடுத்த பிறகு கடைக்குப் போக வேண்டும்.

தடுப்பு ஆட்டத்தில் பேர்போன விக் ஃபாங்கியோ 2022 பருவத்தில் ஈகிள்ஸுக்கு ஆலோசகராகவே வேலை பார்த்தவர். கேனன் போவது உறுதியாவதற்குள் அவர் மயாமி டால்ஃபின்ஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். தடுப்புக்குக் கையில் கிடைத்தவர் ஷான் தேசாய், ஃபாங்கியோவிடம் சிகாகோவில் தொழில் பழகியவர். (என்.எஃப்.எல்.-இல் கோஆர்டினேட்டர் பதவிக்கு வந்த முதல் இந்திய வம்சாவளியினர் இவர். 2021-இல் சிகாகோ பேர்ஸ் அந்தப் பதவியைக் கொடுத்தது.) தாக்குதல் பக்கம் வெளியே தேடாமல் குவார்ட்டர்பேக் கோச் பிரையன் ஜான்சனை உயர்த்தினார்கள். மூலவர் கிடைக்காதபோது சீடரை எடுப்பதும், இருப்பவரை உயர்த்துவதும் தவறில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்தால், சறுக்கும் நாளில் தாங்கிப் பிடிக்க அனுபவசாலி ஒருவரும் இருக்க மாட்டார்.

டிசம்பர் 10 அன்று டல்லஸிடம் 33-13 என்று தோற்றதும் தேசாயிடமிருந்து பிளே அழைக்கும் பொறுப்பைப் பிடுங்கி, ஆலோசகராக இருந்த மேட் பட்ரிசியாவிடம் கொடுத்தார்கள். என் பார்வையில் அந்தப் பருவத்தின் மிக மோசமான முடிவு இது. நீக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. தேசாய் பட்டத்தோடு அறையில் உட்கார்ந்திருந்தார், அகராதி அவருடையது, அழைப்பது வேறொருவர். பட்ரிசியா அழைத்த ஐந்து ஆட்டங்களில் ஒரே வெற்றி, எதிரணிகள் எடுத்தது 139 புள்ளி. அதிலும் கொடுமை டிசம்பர் 31: அதுவரை மூன்றே வெற்றி பெற்றிருந்த அரிசோனா 35-31 என்று வென்றது. எதிர்ப்பக்கம் நின்ற ஹெட் கோச், அதே கேனன்! பிளேஆஃபில் டாம்பா பே 32-9 என்று கதையை முடித்தது.

பருவத்தின் நடுவில் மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதைக் கடிகாரமே சொல்லும். ஒரு பிளே முடிந்ததும் 40 நொடி ஓடத் தொடங்கும். பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பேசும் வானொலி, 15 நொடி மீதி இருக்கும்போது தானாகத் துண்டிக்கப்படும். தடுப்புப் பக்கமும் ஒரே ஒருவருக்கு, ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி ஒட்டியவருக்கு, இதே ஏற்பாடு. ஆக 25 நொடிக்குள் ஆள் மாற்றம், அமைப்பு, நகர்வு, பிளேயின் பெயர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். அடுத்தவர் எழுதிய சொற்களில் யோசிப்பவர் இரண்டு நொடி தடுமாறினால் போதும், ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது இன்னும் கைச்சைகை காட்டிக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் நீக்கியே தீர வேண்டுமானால் அதற்கும் ஒரு முறை உண்டு. தாக்குதல் கோஆர்டினேட்டர்கள் நீக்கப்பட்ட தேதிகளைப் பாருங்கள்: பால்டிமோர் ரேவன்ஸ் கேம் கேமரனை நீக்கியது 2012 டிசம்பர் 10, திங்கள். பஃபலோ பில்ஸ் கென் டார்சியை நீக்கியது 2023 நவம்பர் 14, செவ்வாய். பிட்ஸ்பர்க் மேட் கனடாவை அனுப்பியது அடுத்த வாரம், நவம்பர் 21, அதுவும் செவ்வாய். சிகாகோ ஷேன் வால்ட்ரனை 2024 நவம்பர் 12 அன்று, மறுபடியும் செவ்வாய். ஞாயிறு ஆட்டம், திங்கள் வீடியோ, செவ்வாய் இரவுக்குள் அடுத்த ஆட்டத்துக்கான திட்டம், புதன் காலை அது ஆட்டக்காரர் கைக்குப் போக வேண்டும். புதன் தாண்டினால் நீக்கப்பட்டவரின் திட்டத்தோடுதான் களம் இறங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: அதே மொழி பேசும் ஆளிடம் கொடுத்தால்தான் வேலை நடக்கும். ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் கோச் ஜிம் கால்ட்வெல்லிடம் கொடுத்தார்கள். புத்தகத்தை மாற்றாமல், அதில் எதை எப்போது அழைப்பது என்பதை மட்டும் மாற்றினார். இரண்டு மாதத்தில் சூப்பர் பவுல், 34-31 வெற்றி. பஃபலோவில் குவார்ட்டர்பேக் கோச் ஜோ பிரேடி. 5-5 என்று தத்தளித்த அணி மீதி ஏழில் ஆறை வென்றது. பஃபலோ கதையில் ஒரு வேடிக்கை உண்டு. டென்வரிடம் அவர்கள் தோற்ற அந்தக் கடைசி நொடியில், எதிரணியின் ஃபீல்டு கோல் உதை தவறித்தான் போனது. பஃபலோ 11-க்குப் பதில் 12 பேரைக் களத்தில் நிறுத்தியிருந்ததால் மறு வாய்ப்புக் கிடைத்து 24-22 என்று தோற்றார்கள். அது ஸ்பெஷல் டீம்ஸ் குளறுபடி; மறுநாள் வேலை போனது தாக்குதல் கோஆர்டினேட்டருக்கு. அதற்கு முன் வாரக்கணக்கில் பந்தைத் தொலைத்துக்கொண்டிருந்ததற்கான கணக்கை அன்று தீர்த்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நடுவழி மாற்றம் தரும் உற்சாகத்தை நம்பி ஏமாறக் கூடாது. கனடா போன மறு ஆட்டத்திலேயே பிட்ஸ்பர்க் 421 யார்டு எடுத்தது. 58 ஆட்டங்களுக்குப் பிறகு முதல்முறையாக 400-ஐத் தாண்டியது. ஸ்கோர் போர்டில் வந்தது 16 புள்ளிதான்.

பருவம் முடிந்த பிறகு ஈகிள்ஸ் செய்தது வேறு மாதிரி. 2024 ஜனவரியில் தேசாய், ஜான்சன் இருவரையும் நீக்கினார்கள். இம்முறை ஈகிள்ஸ் கடைக்குச் சீக்கிரமே போய்விட்டது. அதே மாதம் மயாமியும் ஃபாங்கியோவும் பிரிந்தார்கள். ஓர் ஆண்டு முன்பு நழுவியவர் வந்து சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் புது ஹெட் கோச்சாக ஜிம் ஹார்பாவை எடுத்ததால் அங்கே தாக்குதல் கோஆர்டினேட்டராக இருந்த கெலன் மூர் சந்தைக்கு வந்தார். அவர் டல்லஸில் நான்கு பருவம், சார்ஜர்ஸில் ஒன்று என்று பிளே அழைத்துப் பழகியவர்.

இங்கே விதிகளைச் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் துணைப் பயிற்சியாளரிடம் வேறோர் அணி நேரடியாகப் பேச முடியாது. அவருடைய அணிக்கு அனுமதிக் கோரிக்கை போக வேண்டும். 'ஸ்லிப் போட்டாச்சு' என்று நிருபர்கள் சொல்வது இதைத்தான். ஹெட் கோச் வேலைக்கான அழைப்பை மறுக்க முடியாது. முன்பு கோஆர்டினேட்டர் வேலைக்கு மறுக்க முடிந்தது. 2020 மே மாதம் விதியை மாற்றினார்கள். இப்போது ஒரு பொசிஷன் கோச்சை இன்னோர் அணி உண்மையான கோஆர்டினேட்டர் பதவிக்கு அழைத்தால், பருவ முடிவிலிருந்து மார்ச் 1 வரை தடுக்கக் கூடாது. 'உண்மையான' என்ற சொல்லில்தான் சண்டை. 'பாஸ் கேம் கோஆர்டினேட்டர்' என்று பட்டம் சூட்டி ஆளைக் கிளப்பப் பார்ப்பார்கள். அது முழுப் பொறுப்பு இல்லாத பதவி என்பதால் பழைய அணி மறுக்கலாம். கோஆர்டினேட்டரிலிருந்து கோஆர்டினேட்டர் என்ற சமதளத் தாவலையும் மறுக்கலாம். எனவே ஏற்கெனவே அந்தப் பதவியில் பழகிய கோஆர்டினேட்டர் வேண்டுமென்றால், நீக்கப்பட்டவர், ஒப்பந்தம் முடிந்தவர், அணியே விடுவித்தவர் என்று இந்த மூன்று வகையில்தான் தேட முடியும். ஃபாங்கியோ அப்படிக் கிடைத்தவர்தான்.

ரூனி விதியும் உண்டு. 2003-இல் ஹெட் கோச் பதவிக்காக வந்தது; பின்னர் கோஆர்டினேட்டர் பதவிகளுக்கும் நீண்டது. 2021 முதல் ஒவ்வொரு கோஆர்டினேட்டர் இடத்துக்கும் வெளியிலிருந்து கருப்பர் உள்ளிட்ட இனச் சிறுபான்மை வேட்பாளர்கள் குறைந்தது இரண்டு பேரை நேர்காண வேண்டும். அடுத்த ஆண்டு பெண்களும் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, கேட்டே ஆக வேண்டும். ஆளை முடிவு செய்துவிட்டு ஒப்புக்கு நேர்காணல் நடத்துகிறார்கள் என்பதுதான் கருப்பினப் பயிற்சியாளர் பிரையன் ஃப்ளோரஸ் 2022 பிப்ரவரியில் தொடுத்த வழக்கின் ஒரு குற்றச்சாட்டு.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்), எதிரணி எல்லையின் 20 யார்டுக்குள், கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன அழைப்பாய் என்று வீடியோவை ஓடவிட்டுக் கேட்பார்கள். அதைப் பெரும்பாலானோர் நன்றாகவே சொல்லிவிடுவார்கள். ஆளைப் பிரித்துக் காட்டும் கேள்வி வேறு: 'யாரை உன்னோடு அழைத்து வருவாய், இங்கே இருப்பவர்களில் யாரை வைத்துக்கொள்வாய்?' ஒரு கோஆர்டினேட்டரை நீக்கும்போது அவர் கீழே இருக்கும் நான்கைந்து பேரின் வேலையும் ஆட்டம் காணும். ஃபாங்கியோ டென்வரில் தன்னோடு வேலை பார்த்த கிறிஸ்டியன் பார்க்கரைப் பின்வரிசைக்கும், சியாட்டிலில் கோஆர்டினேட்டராகவே இருந்த கிளின்ட் ஹர்ட்டைத் தடுப்பின் முன்வரிசைக்கும் கொண்டுவந்தார். மூரோடு குவார்ட்டர்பேக் கோச்சாக டக் நுஸ்மையர் வந்தார். டல்லஸிலிருந்து சார்ஜர்ஸ், அங்கிருந்து இங்கே என்று நிழல்போல் தொடர்ந்தவர். ஆனால் தாக்குதல் முன்வரிசை கோச் ஜெஃப் ஸ்டவுட்லாண்டை யாரும் தொடவில்லை. 2013-இல் சிப் கெல்லி காலத்தில் வந்தவர், மூன்று ஹெட் கோச்களைப் பார்த்துவிட்டார். நன்றாக வேலை நடக்கும் அறையில் கை வைக்காமல் இருப்பதும் பணியமர்த்தலில் ஒரு திறமை. புதிதாக வருபவர் 'எல்லோரும் என் ஆட்கள்' என்று அடம்பிடித்தால் அணி இங்கேதான் இடறும்.

ஒரு பாதகம்: புது ஹெட் கோச் வந்த அணி ஏப்ரல் தொடக்கத்திலேயே பயிற்சி தொடங்கலாம், கூடுதலாக ஒரு முகாமும் நடத்தலாம். கோஆர்டினேட்டர் மட்டும் மாறிய அணிக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு பக்கமும் புது மொழி, ஆனால் மற்றவர்களுக்கு உள்ள அதே ஒன்பது வாரம். ஈகிள்ஸ் 2024-ஐ 2-2 என்று தொடங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஓய்வு வாரத்துக்குப் பின் பந்தைத் தூக்கி எறிவதைக் குறைத்து ஓட்டத்தை நம்பினார்கள்; 14-3 என்று முடித்தார்கள். முந்தைய பருவம் விட்டுக்கொடுத்த யார்டில் 26-ஆம் இடம், புள்ளியில் 30-ஆம் இடம் என்றிருந்த தடுப்பு, யார்டில் முதலிடத்துக்கு வந்தது. சூப்பர் பவுலில் ஃபாங்கியோ கூடுதல் ஆளை அனுப்பும் பிளிட்ஸ் ஒன்றுகூட அழைக்கவில்லை. நான்கு பேரை வைத்தே கான்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மகோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள், 40-22.

இதையெல்லாம் கோஆர்டினேட்டர் கணக்கில் மட்டும் எழுதினால் அது பொய். அதே ஆண்டு டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வுகளும் தடுப்பின் பின்வரிசையில் ஆடும் கார்னர்கள்: குவின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன். 2,005 யார்டு ஓடிய சேக்வான் பார்க்லியும் புதுவரவு. தேசாய்க்கு இவர்களில் யாரும் இல்லை. கோச்சின் பங்கு எங்கே தெளிவாகத் தெரிகிறதென்றால் ஸாக் பானிடம். ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் மலிவாக வந்தவரை விளிம்பிலிருந்து நடு லைன்பேக்கர் இடத்துக்கு மாற்றினார்கள். பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-புரோவின் முதல் அணியில் இடம்பெற்றார்.

நீக்கப்பட்டவர்கள்? ஜான்சன் வாஷிங்டனிலும் தேசாய் ராம்ஸிலும் கோஆர்டினேட்டருக்குக் கீழான பதவிகளில் சேர்ந்தார்கள். 2024 பிளேஆஃபில் ஈகிள்ஸ் ராம்ஸை 28-22 என்றும், அடுத்த வாரம் வாஷிங்டனை 55-23 என்றும் வென்றுதான் சூப்பர் பவுலுக்குப் போனது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: டிசம்பர் 2023-இல் நடந்தது பலிகடா வேலை, ஜனவரி 2024-இல் நடந்தது அப்படியல்ல. இதில் யாரும் நிரந்தரமாகத் தப்புவதும் இல்லை. கோப்பை வாங்கிய சில நாட்களில் மூர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு ஹெட் கோச்சாகப் போனார்; நுஸ்மையரும் பின்னாலேயே கோஆர்டினேட்டராகப் போனார். பிப்ரவரி நடுவில் மறுபடியும் காலி நாற்காலி, கடை பாதி மூடியாயிற்று. ஈகிள்ஸ் உள்ளே இருந்த கெவின் பட்டுலோவை உயர்த்தியது, 2023-இல் ஜான்சனை உயர்த்தியது போலவே.